அபுனைவுக் காமிக்ஸ், சித்திரத் தன்வரலாறுகளுக்கான விருதுகள்

நடந்த கதையைப் படமும் எழுத்துமாகச் சொல்லும் நூல்களுக்கு வழங்கப்படும் விருதுகள் இவை. தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு, போர்க்களச் செய்தி, குற்ற வழக்கு, சமூக வரலாறு எல்லாம் இதில் அடங்கும். விருதுகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். காமிக்ஸ் உலகமே தன் கலைஞர்களுக்கு வழங்குபவை ஒரு வகை. அமெரிக்காவின் ஐஸ்னர் விருதும் பிரான்சின் அங்கூலெம் விழா விருதுகளும் அவற்றில் முக்கியமானவை. புலிட்சர், நேஷனல் புக் அவார்ட் போன்ற பொதுவான இலக்கிய, இதழியல் விருதுகள் மற்றொரு வகை. அரை நூற்றாண்டுக்கு முன்பு இந்த இரண்டு வகையிலும் உண்மைக் கதைக் காமிக்ஸுக்கென்று இடம் இருக்கவில்லை. இடம் கிடைத்த வரலாறு, படத்தில் சொன்ன உண்மையை எந்த அலமாரியில் வைப்பது என்ற ஒரே கேள்வியைச் சுற்றி நடந்த வரலாறு.

மௌஸ் எழுப்பிய கேள்வி

கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்கியவர் ஆர்ட் ஸ்பீகல்மன். ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பிய போலந்து யூதரான தன் தந்தை விளாடெக்கை நாள்கணக்கில் உட்காரவைத்துப் பேசச் சொல்லி ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்த ‘மௌஸ்’ 1980 முதல் ‘ரா’ இதழில் தொடராக வந்தது. முதல் தொகுதி 1986இலும் இரண்டாவது 1991இலும் நூலாயின. யூதர்கள் எலிகளாகவும் நாஜிகள் பூனைகளாகவும் வரையப்பட்டிருந்தார்கள். முகம்தான் எலி. சொல்லப்பட்ட ஊர், தேதி, பசி, அடி, சாவு அனைத்தும் நடந்தவை.

முதல் தொகுதியை அமெரிக்க நூல் விமர்சகர் வட்டம் வாழ்க்கை வரலாற்றுப் பிரிவின் இறுதிப் பட்டியலில் சேர்த்தது. இரண்டாம் தொகுதி வந்தபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ அதைப் புனைகதை விற்பனைப் பட்டியலில் போட்டது. ஸ்பீகல்மன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பதின்மூன்று ஆண்டு உழைத்து, தந்தையின் நினைவை வரிக்கு வரி ஆராய்ந்து செய்த நூலைக் கற்பனை என்று முத்திரை குத்தினால், யூதப் படுகொலையே நடக்கவில்லை என்பவர்களுக்கு அது வசதியாகிவிடும் என்பதே அவருடைய கவலை. பத்திரிகை நூலை அபுனைவுப் பட்டியலுக்கு மாற்றியது. தன் நூல் உயர்ந்தது என்று நிறுவுவதற்காக அவர் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. இறந்தவர்களுக்கான நியாயம் கேட்டார்.

1992இல் மௌஸுக்குப் புலிட்சர் கிடைத்தது. வரலாறு, வாழ்க்கை வரலாறு, புனைகதை ஆகிய எந்தப் பிரிவிலும் அதை வைக்காமல் சிறப்பு விருதாக வழங்கினார்கள். பெரிய கௌரவம்தான். ஆனாலும் வீட்டுக்கு அழைத்துத் திண்ணையில் உட்காரவைத்த கௌரவம் அது.

இந்த நூலின் ஒரு பக்கம் இங்கே தனியாகச் சொல்லத்தக்கது. இரண்டாம் தொகுதியின் இறுதிப் பகுதியில், எலி முகங்களுக்கு நடுவே திடீரென விளாடெக்கின் நிஜப் புகைப்படம் வருகிறது. கோடு போட்ட கைதி உடையில் இளைஞர் ஒருவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். அந்தப் படம் விடுதலைக்குப் பிறகு ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. உடையும் ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருந்ததுதான். இந்த விவரத்தை நூலே நமக்குச் சொல்லிவிடுகிறது. வரைந்த எலி உண்மையைச் சொல்கிறது. எடுத்த புகைப்படத்தில் ஒரு வேடம் இருக்கிறது. அபுனைவுக் காமிக்ஸ் எதனால் தனி மதிப்பீட்டைக் கோருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஐஸ்னர் விருது

காமிக்ஸ் முன்னோடி வில் ஐஸ்னர் பெயரில் 1988 முதல் வழங்கப்படும் இந்த விருது, ஆண்டுதோறும் ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் விழாவில் அறிவிக்கப்படுகிறது. சிறு நடுவர் குழு ஒன்று ஒவ்வொரு பிரிவுக்கும் பரிந்துரைப் பட்டியலைத் தயாரிக்கும். ஓவியர், எழுத்தாளர், பதிப்பாளர், காமிக்ஸ் கடைக்காரர், நூலகர் எனத் துறையில் இருப்பவர்கள் வாக்களிப்பார்கள். ஆக, இது தொழில் தெரிந்தவர்கள் தொழில் தெரிந்தவர்களுக்குத் தரும் விருது. இலக்கிய நடுவர்கள் கதையை முதலில் பார்த்தால், இவர்கள் கோட்டையும் கட்ட அமைப்பையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

‘உண்மையை அடிப்படையாகக் கொண்ட படைப்பு’ என்ற பிரிவு 2006இல் தொடங்கியது. ‘அபுனைவு’ என்று பெயர் வைக்காமல் இப்படி வைத்தது பொருத்தம் என்பதை முதல் விருதே காட்டியது. அதைப் பெற்றது கைல் பேக்கரின் ‘நாட் டர்னர்’. 1831இல் வர்ஜீனியாவில் அடிமைக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய டர்னரின் கதை. பெரும்பாலும் வசனமே இல்லாத பக்கங்கள். எழுத்து வரும் இடங்களில் அதே 1831இல் அச்சான டர்னரின் வாக்குமூலத்திலிருந்து எடுத்த பகுதிகள் வருகின்றன. ஆவணம் பேசாத இடத்தை ஓவியம் நிரப்புகிறது. அந்த ஓவியம் கலைஞருடைய ஊகம். ஊகம் கலந்த உண்மைக்கும் அந்தப் பெயரில் இடம் இருந்தது.

அடுத்த ஆண்டு அலிசன் பெக்டெலின் ‘ஃபன் ஹோம்’ வென்றது. ஈமச்சடங்கு இல்லம் நடத்திய தந்தையையும், அவர் மறைத்து வைத்திருந்த தன்பாலின ஈர்ப்பையும், அவருடைய மரணத்தையும் மகள் திரும்பிப் பார்க்கும் நூல். ஏழு ஆண்டு உழைப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் வரும் மனிதரைப் போலத் தானே உட்கார்ந்து, சாய்ந்து, நின்று கேமராவில் படம் பிடித்துவிட்டு அதைப் பார்த்து வரைந்தார் பெக்டெல். தந்தையாகவும் அவரே நின்றார், தாயாகவும் அவரே. தந்தையின் கடிதங்களை அவருடைய கையெழுத்திலேயே எழுத்தெழுத்தாகப் படியெடுத்தார். நினைவு என்பது உடலால் செய்யும் வேலையாகவும் ஆகிவிடும் என்பதை இந்த நூலில் உணரலாம்.

பின்னர் இப்பிரிவில் வென்றவற்றின் வகை விரிந்தது. யோஷிஹிரோ டட்சுமியின் ஜப்பானியத் தன்வரலாறு ‘எ டிரிஃப்டிங் லைஃப்’ (2010), ஒரு துப்பறியும் அதிகாரியின் மகனான ஜெஃப் ஜென்சன் தன் தந்தை விசாரித்த வழக்கைப் பற்றி எழுதிய ‘கிரீன் ரிவர் கில்லர்’ (2012), பீட்டில்ஸ் குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் பற்றிய ‘தி ஃபிஃப்த் பீட்டில்’ (2014), இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினர் அடைக்கப்பட்ட முகாம்களில் கழிந்த தன் சிறுவயதை ஜார்ஜ் டகேய் சொல்லும் ‘தே கால்ட் அஸ் எனிமி’ (2020) ஆகியவை சில. தன்வரலாறுகள் பெருகப் பெருக, ஒரே பிரிவில் வழக்கு விசாரணையையும் குடும்ப நினைவையும் எடைபோடுவது சிரமமாயிற்று. 2021இல் ‘சித்திர நினைவுக்குறிப்பு’ தனிப் பிரிவானது. முதலில் வென்றவர் ஏட்ரியன் டோமினே. 2023இல் கேட் பீட்டனின் ‘டக்ஸ்’ வென்றது. கல்விக்கடனை அடைக்கக் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாண எண்ணெய் மணல் வயல்களுக்கு வேலைக்குப் போன இளம்பெண், பெரும்பாலும் ஆண்களே நிறைந்த முகாம்களில் பட்ட பாட்டைச் சொல்லும் நூல். குடும்பத்துக்காகத் தொலைதூரம் போய் உழைத்தவர்கள் உள்ள எந்த வீட்டிலும் அது புரியும்.

சாட்சியத்துக்கும் கற்பனைக்கும் நடுவே நிற்கும் நூல்களுக்கு உண்மை, புனைவு என்ற பிரிவினை இன்றும் நெருடலே. ஈழத்தைப் பற்றிய ‘வன்னி’ (2019) அப்படிப்பட்டது. 2008 வரை வன்னியில் ஐ.நா. பணியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொல்லாக் வரைந்தது. அதில் வரும் குடும்பம் கற்பனை. அந்தக் குடும்பத்துக்கு நேர்பவை உயிர் பிழைத்தவர்கள் சொன்ன சாட்சியங்களிலிருந்து வந்தவை. சாட்சி சொன்னவரைக் காப்பாற்றப் பெயரை மாற்றியதால் ஒரு நூல் புனைவாகிவிடாது என்பதே என் முடிவு.

பொது இலக்கிய விருதுகள்

ஜோ சாக்கோவின் ‘பாலஸ்தீனம்’ 1996இல் அமெரிக்கன் புக் அவார்ட் பெற்றது. செய்தியாளராக நேரில் போய், வீடு வீடாகத் தேநீர் குடித்து, கேட்டதை வரைந்தவர் அவர். பின்னாளில் வந்த ‘ஃபுட்நோட்ஸ் இன் காஸா’ 1956 நவம்பரில் கான் யூனிஸிலும் ரஃபாவிலும் நடந்த கொலைகளைத் தேடிப் போகிறது. ஒரே நிகழ்ச்சியைப் பல முதியவர்கள் ஒன்றுக்கொன்று முரணாக நினைவுகூர்வதை சாக்கோ மறைக்கவில்லை. முரணையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். 2010இல் ரைடன்அவர் நூல் பரிசும், அபுனைவு எழுத்தாளர்-ஓவியருக்கான ஐஸ்னரும் அதற்குக் கிடைத்தன.

பிரிட்டனில் மேரி டால்பட், பிரையன் டால்பட் தம்பதியின் ‘டாட்டர் ஆஃப் ஹெர் ஃபாதர்ஸ் ஐஸ்’ 2012ஆம் ஆண்டுக்கான கோஸ்டா வாழ்க்கை வரலாற்று விருதை வென்றது. கோஸ்டா பெற்ற முதல் சித்திர நூல் அது. அமெரிக்காவில் முதுமையடைந்த பெற்றோரின் கடைசி ஆண்டுகளைப் பற்றிய ராஸ் சாஸ்டின் நூல் 2014ஆம் ஆண்டுக்கான நூல் விமர்சகர் வட்டத்தின் தன்வரலாற்று விருதைப் பெற்றது.

உச்சம் ‘மார்ச்’. குடிசார் உரிமைப் போராட்டத் தலைவர் ஜான் லூயிஸ், ஆண்ட்ரூ அய்டின், ஓவியர் நேட் பவல் மூவரும் செய்த மூன்று பாக நூல். இரண்டாம், மூன்றாம் பாகங்கள் 2016, 2017இல் அடுத்தடுத்து ஐஸ்னர் வென்றன. மூன்றாம் பாகத்துக்கு 2016இல் இளையோர் இலக்கியத்துக்கான நேஷனல் புக் அவார்ட் கிடைத்தது. மேடையில் லூயிஸ் கண் கலங்கினார். 1956இல், தனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது, உடன்பிறந்தவர்களோடு அலபாமாவில் ஒரு பொது நூலகத்துக்கு உறுப்பினர் அட்டை கேட்டுப் போனதையும், நூலகம் வெள்ளையருக்கு மட்டும்தான் என்று திருப்பி அனுப்பப்பட்டதையும் அங்கே சொன்னார். 2017 ஜனவரியில் அமெரிக்க நூலகச் சங்கம் அதே நூலுக்கு ஒரே நாளில் நான்கு விருதுகளை அறிவித்தது.

அங்கூலெம்

பிரான்சில் காமிக்ஸ் தன்னைக் கலை என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் உண்மைக் கதைகள் அங்கே எல்லா நூல்களோடும் சேர்ந்தே போட்டியிடுகின்றன. மர்ஜான் சத்ரபியின் தன்வரலாறான ‘பெர்செபோலிஸ்’ முதல் தொகுதி 2001இல் அங்கூலெமில் விருது பெற்றது. விழாவின் தலைசிறந்த விருதான தங்கக் காட்டுப்பூனை 2012இல் கை டெலிலின் ஜெருசலேம் பயணக் குறிப்புகளுக்கும், 2015இல் லிபியாவிலும் சிரியாவிலும் கழிந்த குழந்தைப் பருவத்தை ரியாத் சட்டூஃப் சொல்லும் ‘வருங்கால அரேபியன்’ நூலுக்கும் போயிற்று.

இதழியல் விருதுகள்

புலிட்சரின் கேலிச்சித்திரப் பிரிவுப் பரிசு 2018இல், அமெரிக்காவுக்கு வந்த சிரிய அகதிக் குடும்பம் பற்றிய தொடர் காமிக்ஸுக்குக் கிடைத்தது. ஜேக் ஹால்பர்ன் எழுதி, மைக்கேல் ஸ்லோன் வரைந்தது. 2022இல் அந்தப் பிரிவின் பெயரே ‘சித்திர வழிச் செய்தியும் கருத்தும்’ என மாறியது. புதிய பெயரில் முதல் பரிசு, சீனத் தடுப்பு முகாமிலிருந்து தப்பிய உய்குர் பெண்ணின் கதைக்கு. அதை வரைந்த ஃபஹ்மிதா அசீம் வங்கதேசத்தில் பிறந்தவர்.

விருதுக்குப் பிறகு

விருது நூலை நூலகங்களுக்குக் கொண்டுபோகிறது. எதிர்ப்பும் அங்கே வந்து சேர்கிறது. மையா கோபேபின் தன்வரலாறான ‘ஜெண்டர் குயர்’ 2020இல் நூலகச் சங்கத்தின் அலெக்ஸ் விருதைப் பெற்றது. 2021 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அமெரிக்காவில் மிக அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூலும் அதுவே. மௌஸை 2022இல் டென்னஸி மாநில மாவட்டப் பள்ளி வாரியம் ஒன்று பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. படம் உடனே கண்ணில் படும், அதனால் தடை கேட்பவருக்குப் பக்கத்தைப் பிரித்துக் காட்டுவது எளிது. முழு நூலையும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் நடுவரின் வேலை அதனாலேயே முக்கியமாகிறது.

2025 மே மாதம் டெஸ்ஸா ஹல்ஸின் ‘ஃபீடிங் கோஸ்ட்ஸ்’ புலிட்சர் பெற்றது. ஷாங்காயில் செய்தியாளராக இருந்த பாட்டி, தாய், தான் என மூன்று தலைமுறைப் பெண்களின் கதை. செய்து முடிக்க ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின. இந்த முறை சிறப்பு விருது என்ற தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. நினைவுக்குறிப்பு என்ற பிரிவிலேயே, எழுத்தால் மட்டும் ஆன நூல்களோடு நின்று அது வென்றது. செய்தி வந்தபோது ஹல்ஸ் அலாஸ்காவின் ஜூனோ நகரில், மாநிலச் சட்டமன்றத்தில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தார்.