‘பாழ்நிலம்’ உருவான வரலாறு

ஆங்கிலக் கவிதையில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த சோதனை முயற்சிகளைக் கற்கப் புகுவோர், டி. எஸ். எலியட் இயற்றிய ‘பாழ்நிலம்’ என்னும் கவிதையின் வாயிலிலேயே தயங்கி நின்றுவிடுகின்றனர். 1922ஆம் ஆண்டில் வெளிவந்த இக்கவிதை 430 அடிகளுக்குச் சற்றே மிகுந்தது. அதற்குள் ஆங்கிலத்தோடு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், வடமொழி முதலியன கலந்து ஒலிக்கின்றன. பேசுவோர் இன்னாரென்று சொல்லாமலே குரல்கள் மாறுகின்றன. ஒரு நூலகத்தையே கரைத்துக் குடித்தால்தான் இது விளங்கும் போலும் என்று மாணவன் அஞ்சுவது இயல்பே.

அந்த அச்சத்தை வளர்த்ததில் கவிஞருக்கும் பங்குண்டு. 1922 அக்டோபரில் லண்டனில் ‘கிரைட்டீரியன்’ ஏட்டிலும், அடுத்து நியூயார்க்கில் ‘டயல்’ ஏட்டிலும் கவிதை வந்தபோது குறிப்புரை ஏதும் இல்லை. டிசம்பரில் நூலாக அச்சேறியபோதுதான் அது இறுதியில் சேர்ந்தது. 1956இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவில் எலியட் இதன் காரணத்தை வெளியிட்டார். பிறர் அடிகளைத் திருடினார் என்ற பழி வாராதிருக்க முதலில் மூலங்களைக் குறித்து வைத்தாராம். நூல் மிகவும் மெலிந்திருந்தமையால் பக்கங்களை நிரப்ப அவற்றை விரித்தாராம். அறிஞர் பலர் வேதவாக்காகக் கொண்டு துருவிய பகுதி, அச்சகத்தின் தேவையால் நீண்டதென்று அறியும்போது நமக்குச் சிறிது நகைப்பும் உண்டாகிறது.

ஆயினும் அக்குறிப்புகளுள் ஒன்று பொன்னானது. லண்டன் வங்கித் தெருக்களின் நடுவே நிற்கும் செயிண்ட் மேரி வுல்நாத் தேவாலயத்தின் மணி ஒன்பது அடிக்கையில், கடைசி ஒலி உயிரற்று விழுவதைத் தாம் பலகால் கவனித்ததாக அவர் எழுதுகிறார். இது புலமையன்று, வேலைக்குச் செல்லும் எழுத்தரின் செவி. எலியட் 1917 முதல் லாயிட்ஸ் வங்கியின் அயல்நாட்டுப் பிரிவில் பணிபுரிந்தார். முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மானியரோடு ஏற்பட்ட கடன்களைப் போருக்குப் பின் தீர்க்கும் அலுவலும் அவரிடம் வந்தது. கவிதையில் ஸ்மிர்னா நகரத்து வணிகர் உலர்திராட்சையோடும் கப்பல் சரக்கு ஆவணங்களோடும் வருவது எங்கிருந்து என்று இப்பொழுது தேட வேண்டியதில்லை. எலியட் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் பிறந்தவர். அவர் நண்பர் எஸ்ரா பவுண்ட் ஐடஹோ மாநிலத்தில் பிறந்தவர். இருவரும் வேற்றூர் வந்து வாழ்ந்தவர்கள். ஒரே தெருவில் பல மொழிகள் காதில் விழும் வாழ்வு நம் நேயர்களுக்கும் புதிதன்று.

1921இன் இறுதியில் நரம்புத் தளர்ச்சியால் மூன்று மாத விடுப்புப் பெற்ற எலியட், மார்கேட் கடற்கரையிலும் பின்னர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலும் தங்கினார். அங்கே வளர்ந்த கவிதையைப் பாரிசில் இருந்த பவுண்டிடம் ஒப்படைத்தார். பவுண்ட் ஈவிரக்கமின்றி வெட்டினார். நான்காம் பகுதியில் நீண்டு கிடந்த கடற்பயணக் கதை போய், பத்தே அடிகள் எஞ்சின. இத்திருத்தங்கள் அடங்கிய கையெழுத்துப்படியை எலியட் 1922இல் நியூயார்க் வழக்கறிஞர் ஜான் குவின் என்பவருக்கு அன்பளிப்பாக அனுப்பினார். 1924இல் குவின் மறைந்தார்; படியும் கண்ணில் படாமற் போயிற்று. 1958இல் நியூயார்க் பொது நூலகம் அதனை வாங்கியது. அச்செய்தி 1968இல்தான் வெளியாயிற்று. எலியட்டோ 1965இலேயே காலமாகிவிட்டார். 1971இல் அவர் துணைவியார் வேலரி எலியட் அப்படியைப் பதிப்பித்தார். கவிதையைக் கற்கும் முறையே அதன்பின் மாறியது எனலாம். குறிப்புகளை விட்டு, எது வெட்டுண்டது, எது தப்பியது என்று நோக்கலாயினர்.

பெரும்பாலும் கை படாமல் தப்பியது ஐந்தாம் பகுதி. லோசானில் எழுதிய அப்பகுதியில்தான் பிருகதாரண்யக உபநிடதத்தின் இடி முழங்குகிறது. உபநிடதம் மேலைநாட்டை வென்றதென்று நம்மவர் சிலர் பெருமிதம் கொள்வதுண்டு. அது எளிய முடிவு. எலியட் 1911 முதல் ஈராண்டு ஹார்வர்டில் லான்மன் என்ற பேராசிரியரிடம் வடமொழி பயின்றார். உபநிடதத்துக்கு டாய்சன் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பையே குறிப்பில் சுட்டுகிறார். இவ்வாறு சுற்றிவந்த செல்வத்தைத் தம் காயத்துக்கு மருந்தாக அரைத்துக்கொண்டார்.

உபநிடதத்தில் பிரஜாபதி ‘த’ என்ற ஓரெழுத்தை மூவகை மாணவர்க்கும் உரைக்கிறார். தேவர் அதனைப் புலனடக்கம் என்றும், மனிதர் ஈகை என்றும், அசுரர் இரக்கம் என்றும் கொள்கின்றனர். மனிதருள்ளேயே இம்மூவகையினரும் உளர் என்று சங்கரர் உரை கூறும். எலியட் இவ்வரிசையை மாற்றினார். கவிதையில் மனிதர்க்குரிய ஈகை முதலில் ஒலிக்கிறது. அசுரர்க்குரிய இரக்கம் அடுத்து. தேவர்க்குரிய அடக்கம் கடைசியில். இம்மாற்றத்துக்கு அவருடைய குறிப்புரையில் காரணம் ஏதும் இல்லை.