தேர் நின்ற இடம்

கழுகுமலை என்றதும் நமக்குக் காவடிச் சிந்து. அதைப் பாடிய அண்ணாமலை ரெட்டியார் 1891இல், இருபத்தாறு வயதில் காலமானார். நான்கு வருஷம் கழித்து, 1895 ஏப்ரலில், அதே ஊரின் தேரோடும் வீதியில் பங்குனித் தேர் ஒரு கத்தோலிக்க ஜெபக்கூடத்துப் பந்தலின் முன் வந்து நின்றது. தேர் தாண்டிப் போக முடியவில்லை. கலவரத்தில் வீடுகள் எரிந்தன. எட்டயபுரம் ஜமீனின் மானேஜர் குத்திக் கொல்லப்பட்டார். நாடார்கள் பலர் மாண்டனர். முதல் விஷயத்தை இலக்கிய சரித்திரம் வைத்துக்கொண்டது. இரண்டாவதைச் சர்க்கார் தஸ்தாவேஜுகளுக்கு விட்டுவிட்டது. ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரியும் பூமணியின் 'அஞ்ஞாடி' 2012இல் வரும்வரை கரிசல் எழுத்து இந்தத் தீயை இவ்வளவு நெருங்கிப் பார்த்ததில்லை.

அந்த ஜெபக்கூடம் அங்கே வந்த விதம் எளிமையானது. வியாபாரத்தில் காசு கண்ட நாடார்கள் கல்யாண ஊர்வலத்தைத் தேர் வீதியில் நடத்த விரும்பினார்கள். வீதி கோயிலுக்குச் சொந்தம், கோயில் ஜமீனுக்குச் சொந்தம் என்பது ஜமீன் கட்சி. மாஜிஸ்திரேட், கோர்ட் என்று அலைந்தும் பயன் இல்லை. பிறகு ஒரு பகுதியினர் கத்தோலிக்கத்தில் சேர்ந்தார்கள். வீதியிலேயே வாங்கிய வீடு ஜெபக்கூடம் ஆயிற்று.

இது விசுவாசமா, வீதிக்காகப் போட்ட வேஷமா? அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் ஒரு அயோக்கியத்தனம் இருக்கிறது. தேரை இழுக்கச் சொன்ன ஜமீனைப் பார்த்து, உமது வடம் பக்தியா அதிகாரமா என்று ஒருவரும் கேட்டதில்லை. அகத்தூய்மைக்குச் சான்று காட்டும் சுமை எப்போதும் கீழே இருப்பவன் தலையில்தான்.

அதோடு, இந்த மண்ணின் ஜனங்களுக்குக் கத்தோலிக்கம் ஒன்றும் திடீர்ச் சரக்கு அல்ல. கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா இருக்கிறாள். மதுரை மிஷனின் பழைய தலங்களில் ஒன்று அது. 'தேம்பாவணி' எழுதிய வீரமாமுனிவர் பணிசெய்த இடம். ஆகஸ்ட் 15இல் அங்கே தேர் வரும். தேரின் பின்னால் தரையில் விழுந்து கும்பிடு சேவை செய்கிறவர்களில் ஞானஸ்நானம் பெறாதவர்களும் உண்டு. கொடி, சப்பரம், வடம், நேர்ச்சை எல்லாம் ஊர்க்காரன் அறிந்தவை. ரோமாபுரி தந்தது பிரதிமையை; அதைச் சுமந்து நடக்கும் விதத்தை ஊர் தந்தது. சாமி வீட்டை விட்டு வெளியே வந்து வீதியில் போக வேண்டும்; அப்போதுதான் அது ஊரின் சாமி. இந்த இலக்கணத்தை ஜமீன்தாரும் நாடாரும் பாதிரியாரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருந்தார்கள். கழுகுமலையில் மோதியது இரண்டு மதங்கள் என்று சொல்வது அதனால் பாதி உண்மைதான். ஒரே இலக்கணத்தைப் பேசியவர்களின் சண்டை அது.

வீதி கிடைக்காதபோது கோயில் வாசலுக்குப் போனார்கள். 1897இல் கமுதிக் கோயிலில் நுழைந்த வழக்கு 1908இல் பிரிவி கவுன்சிலில் தோற்றது. இடையில் 1899 ஜூனில் சிவகாசி சூறையாடப்பட்டது. தீப்பெட்டியும் பட்டாசும் பிறகு வந்தவை. அந்த ஊர் நெருப்பை முதலில் அறிந்தது அப்படி.

ஆனால் சிலுவையின் கீழ் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? தெற்கே வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோயில் எழுந்தது. பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் கூடங்கள் இரண்டு. ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார், நடுவே சுவர். ஜனங்கள் அதைக் கால்சட்டைக் கோவில் என்றார்கள். அந்தக் கேலியில் எந்த இறையியலாளனும் எழுதாத விமர்சனம் இருக்கிறது. 1910இல் கௌசானல் பாதிரியார் சுவரை இடித்தபோது வேளாளர் கோர்ட்டுக்குப் போனார்கள். வீதியில் ஜமீன் செய்ததைக் கோயிலுக்குள் விசுவாசிகளே செய்துகொண்டார்கள்.

சுவர் இடிந்ததோடு முடிந்ததா என்றால், இல்லை. 2008இல் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்: தங்கள் பிணம் பொது வழியாகக் கோயிலுக்கு வர வேண்டும். மறித்தவர்களும் கத்தோலிக்கர்கள். கடைசியில் துப்பாக்கிச் சூடு, இரண்டு சாவு. கழுகுமலைக்குப் பிறகு நூற்றுப் பதின்மூன்று வருஷம்.

கழுகுமலைப் பாறையில் சமணர்கள் தீர்த்தங்கரர்களைச் செதுக்கினார்கள். பாண்டியர்கள் வெட்டுவான் கோயிலைக் குடைந்து பாதியில் விட்டார்கள். முருகனுக்குக் குகை. மலை எல்லோரையும் ஏற்றுக்கொண்டது என்று நம் கலை விமர்சகர்கள் எழுதுவார்கள். மலை ஏற்றுக்கொண்டிருக்கலாம். கீழே உள்ள நான்கு வீதிகளையும் பற்றி எழுதுகிறவன், 1895இல் ஒரு வீட்டு வாசலில் தேர் நின்ற இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.