சுவீடனில் வேட்டை யாருடைய உரிமை?



வேட்டை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றுபவர் பெரும்பாலும் இருவர். ஒருவர், பரிவாரம் சூழக் காட்டுக்குள் நுழையும் அரசர். மற்றவர், வயிற்றுப்பாட்டுக்காக இரவில் கண்ணி வைத்துவிட்டு விடியுமுன் போய்ப் பார்க்கும் ஏழை. முன்னவருக்கு வேட்டை விளையாட்டு. பின்னவருக்கு அது திருட்டு என்று சட்டம் சொல்லும். வட ஐரோப்பாவிலுள்ள சுவீடன் நாட்டில் இவ்விருவரையும் சேராத மூன்றாம் வகையினர் ஒருவரை நாம் காண்கிறோம். பள்ளி ஆசிரியர், லாரி ஓட்டுநர், மருத்துவமனைத் தாதி, மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளி ஆகியோரே அவர்கள். செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், சுவீடனின் வடபகுதியில் மூஸ் மான் வேட்டை தொடங்கும் வாரத்தில், இவர்கள் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு துப்பாக்கியும் நாயுமாகக் காட்டுக்குப் போய்விடுகிறார்கள். தென்பகுதியில் அதே வேட்டை அக்டோபரில் தொடங்குகிறது.

சுவீடனின் மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றே தாண்டும். அவர்களுள் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் ஆண்டுதோறும் அரசுக்குக் கட்டணம் செலுத்தி வேட்டை அட்டை பெறுகிறார்கள். அதாவது, நூற்றுக்கு மூன்று பேர். குழந்தைகளையும் முதியவர்களையும் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தால் இந்த விகிதம் இன்னும் கூடும். தொழில்வளம் மிக்க ஒரு நாட்டில், கடையில் இறைச்சி தாராளமாகக் கிடைக்கும்போது, இத்தனை பேர் ஏன் குளிரில் மரத்தடியில் காத்திருக்கிறார்கள்? இக்கேள்விக்கு விடை தேட வேண்டுமானால், இந்த உரிமை அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது, யாரிடமிருந்து கிடைத்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பால்டிக் கடலில் ஓலாந்து என்ற நீண்ட தீவு ஒன்று இருக்கிறது. 1569ஆம் ஆண்டில், மூன்றாம் யோகான் மன்னரின் ஆட்சியில், அத்தீவு முழுவதும் அரசரின் வேட்டைக்காடு என்று அறிவிக்கப்பட்டது. தீவில் காடு மட்டுமா இருந்தது? ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன, வழிவழியாக உழுது வாழ்ந்த குடியானவர்கள் இருந்தார்கள். அன்று முதல் அவர்கள் வேட்டையாடக் கூடாது. அரசரின் மான் வந்து பயிரை மேய்ந்தால் கைதட்டி விரட்டலாம், கொல்ல முடியாது. குடியானவர் வளர்க்கும் நாய் மானைத் துரத்திவிடக் கூடாது என்பதற்காக, நாயின் ஒரு காலை வெட்டி முடமாக்கி வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. மூன்று கால் நாய் என்பது அத்தீவில் கதையன்று, சட்டம். 1650களில், பின்னாளில் பத்தாம் கார்ல் மன்னராக முடிசூடியவர், தீவின் தென்கோடியில் மான்களை அடைத்து வைக்கக் கரைக்குக் கரை ஒரு கல்மதில் எழுப்பினார். அம்மதிலை இன்றும் அங்கே காணலாம். ஓலாந்து மக்கள் இந்தத் தளையிலிருந்து விடுபட்டது 1801ஆம் ஆண்டில். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் அரசரின் மான்களுக்குத் தீனி போட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மற்றப் பகுதிகளில் நிலைமை இவ்வளவு கடுமையாக இல்லை. ஆயினும் பெரிய விலங்குகள் அரசருக்கும் பிரபுக்களுக்கும் உரியவை என்ற கொள்கை நாடெங்கும் வலுப்பெற்று வந்தது. குடியானவருக்கு வேட்டையில் ஒரு பங்கு இருந்தது உண்மையே. அது உரிமையாக அன்று, கடமையாக. ஓநாய் வந்துவிட்டது என்று ஆள் விட்டால், வலையோடும் தடியோடும் வீட்டுக்கொருவர் திரண்டு காட்டை வளைக்க வேண்டும். வராதவருக்குத் தண்டம். 1734ஆம் ஆண்டுப் பெருஞ்சட்டத்திலும் இடம்பெற்ற இக்கடமை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. ஆபத்தான விலங்குக்கு ஊரார் வேண்டும். சுவையான விலங்குக்கு மட்டும் ஊரார் வேண்டாம்!

இந்நிலை மாறியது ஒரு மன்னருடைய அரசியல் தேவையால். 1788இல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் உருசியா மீது போர் தொடுத்தார். போர்க்களத்திலேயே பிரபு குலத்துப் படைத்தலைவர்கள் சிலர் அவருக்கு எதிராகச் சதி செய்தனர். பிரபுக்களை அடக்கக் குடியானவர்களின் துணை மன்னருக்குத் தேவைப்பட்டது. 1789ஆம் ஆண்டில், பாரிசு நகரில் பாசுட்டீல் சிறை தகர்க்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, சுவீடன் குடியானவர்கள் தத்தம் நிலத்தில் வேட்டையாடும் உரிமையைப் பெற்றார்கள். பிரபுக்களின் சலுகைகள் பல அவ்வாண்டில் பறிபோயின. அந்தக் கோபம் ஆறவில்லை. 1792 மார்ச்சில், ஸ்டாக்ஹோம் இசை நாடக அரங்கில் நடந்த முகமூடி நடன விருந்தில், பிரபு ஒருவர் மன்னரைச் சுட்டார். மன்னர் இரண்டு வாரத்தில் உயிர் நீத்தார். அவர் கொடுத்த வேட்டையுரிமை மட்டும் குடியானவர் கையிலேயே நிலைத்தது.

இந்த உரிமையின் அமைப்பை நாம் கவனிக்க வேண்டும். வேட்டையுரிமை நிலத்தோடு ஒட்டியது. யாருடைய நிலமோ அவருக்கே அங்கே வேட்டையாடும் உரிமை. ஆகவே சொந்த நிலம் உடைய குடியானவர் பயனடைந்தார். பிறர் நிலத்தில் குடிசை போட்டு உழைத்துக் கொடுத்து வாழ்ந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைத்த உரிமையால் காட்டு விலங்குகள் என்ன ஆயின என்பதுதான் இக்கதையின் வருந்தத்தக்க பகுதி. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் சுவீடனின் காடுகள் வெறிச்சோடத் தொடங்கின. மூஸ் மான் அழிவின் விளிம்புக்கு வந்தது. அதைச் சுடுவதற்கே சில ஆண்டுகள் தடை விதிக்க நேர்ந்தது. ரோ மான் என்னும் சிறுமான் இனத்தில் 1830களில் எஞ்சியவை ஏறத்தாழ நூறே. அவையும் தென்கோடியில் ஒரு பெருநிலக்கிழாரின் பண்ணைக் காட்டில் பிழைத்திருந்தவை. ஆற்றில் அணை கட்டி வாழும் பீவர் என்ற விலங்கின் கதை இன்னும் மோசம். தோலுக்கும் மருந்துக்குமாக அது வேட்டையாடப்பட்டது. கடைசிப் பீவர் கொல்லப்பட்டது 1871இல். அதைக் கொல்லக் கூடாது என்று சட்டம் வந்தது 1873இல்.

பழி முழுவதையும் குடியானவர் மேல் சுமத்துவது நியாயமாகாது என்பது நம் கருத்து. அதுவரை மானைக் காத்து நின்றது அதன் மேல் அவருக்கு இருந்த அன்பன்று. தண்டனை பற்றிய அச்சம். அச்சம் நீங்கியது, வறுமை நீங்கவில்லை. தாம் சுடாமல் விட்ட மானை நாளை பக்கத்து நிலத்துக்காரர் சுடுவார் என்று தெரிந்தபின், விட்டுவைப்பவர் யார்? மானுக்கு வேலி தெரியாது. உரிமையோ வேலிக்குள் அடைபட்டிருந்தது.

1830இல் இசுரேல் அஃப் ஸ்ட்ரோம் என்ற அரண்மனை வேட்டை அதிகாரி சுவீடன் வேட்டைக்காரர் சங்கத்தை நிறுவினார். தொடக்கத்தில் அதன் நோக்கம் இரண்டு: மான் முதலியவற்றைப் பேணுவது, ஓநாய் கரடி முதலியவற்றை ஒழிப்பது. இரண்டாவது நோக்கம் விரைவாகவே நிறைவேறியது. ஓநாயின் தலைக்கு 1647இலிருந்தே பரிசுத் தொகை இருந்தது. அப்பரிசை நிறுத்தி, 1966இல் ஓநாய்க்குப் பாதுகாப்பு அளித்தபோது, காட்டில் பாதுகாக்க ஓநாய் கிட்டத்தட்ட இல்லை.

முதல் நோக்கம் நிறைவேற நூறாண்டு ஆயிற்று. 1922இல் நார்வேயிலிருந்து ஒரு சோடிப் பீவரை வாங்கி வந்து யேம்ட்லாண்டு மாநிலத்து ஆறு ஒன்றில் விட்டார்கள். இன்று அந்நாட்டில் பீவர்களின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தாண்டும். 1938இல் புதிய வேட்டைச் சட்டம் வந்தது. வேட்டையாடும் ஒவ்வொருவரும் ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தப் பணம் விலங்குகளைப் பேணுவதற்கே செலவாக வேண்டும். அப்பணியை வேட்டைக்காரர் சங்கமே முன்னின்று நடத்த வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அதைவிட முக்கியமானது, சிறு நிலக்காரர்கள் தங்கள் நிலங்களைச் சேர்த்து ஒரே வேட்டைப் பகுதியாக்கிக் கொள்ளத் தொடங்கியது. இத்தனை மூஸ் மான்தான் இவ்வாண்டு என்று ஒதுக்கீடு வந்தது. வேலிக்குள் அடைபட்டிருந்த உரிமை, ஊர்ப் பொதுவானது.

இன்றைய வேட்டைக் குழு அப்படிப் பிறந்ததுதான். விடியற்காலையில் குழுத்தலைவர் ஒவ்வொருவருக்கும் நிற்குமிடம் குறித்துக் கொடுப்பார். ஒருவர் நாயோடு காட்டுக்குள் போவார். சாம்பல் நிறத்து யேம்ட் நாய் இதற்கென்றே பழகியது. மூஸ் மானைக் கண்டால் அது பாய்ந்து கடிக்காது. குரைத்துக் குரைத்து ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும். தோள் உயரமே ஆறடியளவு இருக்கும் விலங்கு, தன் முழங்கால் உயரத்து நாயை எரிச்சலோடு பார்த்துக்கொண்டு நிற்கும். நம் நாட்டவர் மூன்று கால் நாயையும் இந்த நாயையும் அடுத்தடுத்து நினைத்துப் பார்த்தால், இந்த வரலாறு முழுவதும் அதில் அடங்கிவிடும்.

மாலையில் இறைச்சியைக் கூறு போடுகிறார்கள். கூறு என்ற சொல்லை நாம் வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறோம். நம் ஊர்களில் ஆடு அடித்துக் கூறு போடுவதைப் போன்றதே அது. எல்லாக் கூறுகளும் வரிசையாக வைக்கப்படும். ஒருவர் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைச் சுட்டி, "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். எந்தக் கூறு என்பது அவருக்குத் தெரியாது. சுட்டவருக்கும் கூறு ஒன்றுதான். நாள் முழுதும் மரத்தடியில் நின்று ஒரு குண்டும் சுடாதவருக்கும் கூறு ஒன்றுதான். எல்லாக் குழுக்களும் இம்முறையைப் பின்பற்றுகின்றன என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஊரைவிட்டு நகரத்துக்குப் போய்விட்ட மகனும் மகளும் வேட்டை வாரத்தில் தவறாமல் திரும்பி வருவதன் காரணம் இந்தக் கூறிலே இருக்கிறது. அது இறைச்சி மட்டுமன்று. தாம் இன்னும் அந்த ஊரார்தாம் என்பதற்கான அடையாளம்.

1950க்குப் பின் காட்டை மொத்தமாக வெட்டி மறுநடவு செய்யும் முறை பரவியது. இளம் பைன் கன்றுகள் மூஸ் மானுக்கு விருந்தாயின. அதைக் கொன்று தின்ன ஓநாயும் இல்லை. மூஸ் மான் பெருகியது. 1982ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 1,75,000 மூஸ் மான்கள் சுடப்பட்டன. ஒரு காலத்தில் தேடினாலும் கிடைக்காத விலங்கு! அண்மை ஆண்டுகளில் அத்தொகையில் பாதிக்கும் குறைவாகவே சுடப்படுகிறது. 1985 முதல், புதிதாக வேட்டைத் துப்பாக்கி வாங்க விரும்புவோர் எழுத்துத் தேர்விலும் துப்பாக்கித் தேர்விலும் தேற வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. தேர்வு எழுதுவோரில் பெண்களின் எண்ணிக்கை கூடி வருகிறது.

ஓநாயும் திரும்பி வந்தது. 1983இல் வேர்ம்லாண்டு காட்டில் ஓநாய்க் குட்டிகள் பிறந்தன. 2010இல், 45 ஆண்டுகளுக்குப் பின், உரிமம் பெற்ற ஓநாய் வேட்டை நடந்தது. அனுமதிக்கப்பட்டவை 27, கொல்லப்பட்டவை 28. நகரத்தார் கொதித்தார்கள். நாயை ஓநாய்க்குப் பறிகொடுத்த ஊரார், வேட்டை போதாது என்றார்கள். அந்த வழக்கு இன்னும் ஓயவில்லை.

இதுவரை நாம் பேசாத ஒரு மக்கள் இருக்கிறார்கள். 1789இன் உரிமை நிலத்துக்கு உடையவருக்குக் கிடைத்தது என்றோம். வடக்கே மலைப்பகுதியில், துருவமான் மேய்த்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சாமி மக்களுக்கு அந்த நிலத்தின் பத்திரம் இல்லை. நிலம் தன்னுடையது என்றது அரசு. இருந்தும், அங்கே வேட்டையாடிப் பிழைத்தவர்கள் அவர்களே. 1993இல் அரசு அந்த மலைகளில் சிறு விலங்கு, பறவை வேட்டையை எல்லாருக்கும் திறந்துவிட்டது. தென்பகுதி நகரத்தார் கட்டணம் செலுத்திவிட்டுப் பனிக்கௌதாரி சுடப் போகலாம். சாதாரண மக்களுக்கு உரிமை விரிந்தது என்று இதனைப் பாராட்டியோர் உண்டு. மேய்ச்சலில் இருக்கும் துருவமான் மந்தை, அறிமுகமில்லாதவரின் நாய்க்கும் வெடிச்சத்தத்துக்கும் கலைந்து ஓடுவதைக் கண்டவர்கள் அவ்வாறு பாராட்டவில்லை.

வடகோடியில் யெல்லிவாரே பகுதியிலுள்ள கிர்யாஸ் என்ற சாமி கிராமம் 2009இல் அரசின்மீது வழக்குத் தொடுத்தது. கிராமம் என்றாலும் அது வீடுகளின் தொகுதியன்று; குறிப்பிட்ட மேய்ச்சல் நிலத்தில் துருவமான் வளர்ப்போரின் கூட்டமைப்பு. வழக்கு கீழ் மன்றத்திலிருந்து ஏறி, 2020 சனவரி 23ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு வரும் வழக்கத்தால் அந்நிலத்தில் சிறுவேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் அனுமதி வழங்கும் உரிமை கிராமத்துக்கே உண்டு, அரசுக்கு இல்லை என்பது தீர்ப்பு. சாமி மக்கள் கண்ணீர் விட்டு மகிழ்ந்தார்கள். அடுத்த வாரங்களில் அவர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. துருவமான்கள் கொல்லப்பட்டுக் கிடந்ததாகச் செய்திகள் வந்தன. அதே பகுதியில் பிறந்து வளர்ந்து, சாமி அல்லாத காரணத்தால், பழகிய மலையில் வேட்டையாட இனி இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்த எளிய மக்களும் மனம் நொந்தார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டனும் அங்கேதான் கண்ணி வைத்தார்கள்.

2021இல் அரசு இச்சிக்கலை ஆராய ஒரு குழுவை அமைத்தது. சுவீடனில் இத்தகைய சாமி கிராமங்கள் 51 உள்ளன. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தியது அவற்றுள் ஒன்றுக்கு.