மைக்ரோராப்டர்

மைக்ரோராப்டர் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய வடகிழக்குச் சீனாவின் லியாவ்னிங் பகுதியில் வாழ்ந்த இறகுள்ள சிறு டைனோசர். வெலோசிராப்டர் இடம்பெறும் டிரோமியோசார் குடும்பத்தைச் சேர்ந்தது. மூக்கு முதல் வால் நுனி வரை அளந்தாலும் பெரும்பாலானவை ஒரு மீட்டரை எட்டாது.

இது வெளிச்சத்துக்கு வந்ததே ஒரு போலிப் புதைபடிவத்தால்தான். டைனோசருக்கும் பறவைக்கும் இடைப்பட்ட உயிர் என்று 1999இல் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் 'ஆர்க்கியோராப்டர்' படிவத்தை வெளியிட்டது. அந்தப் படிவத்திலிருந்த வாலின் மறுபாதி பதிந்த கல்லைச் சீன ஆய்வாளர் சூ சிங் பார்த்தபோது, பறவை உடலில் டைனோசரின் வாலை யாரோ ஒட்டியிருப்பது தெரிந்தது. வாலுக்கு உரிய விலங்குக்கு 2000இல் மைக்ரோராப்டர் எனப் பெயரிட்டனர்.

2003இல் சூ சிங் குழுவினர் விவரித்த 'மைக்ரோராப்டர் குய்' இனத்துக்கு நான்கு சிறகுகள். கைகளில் மட்டுமின்றிக் கால்களிலும், பாத எலும்பு வரை, நீண்ட இறகுகள் வரிசையாகப் பதிந்துள்ளன. அவற்றில் நடுத்தண்டின் ஒருபுறம் குறுகியும் மறுபுறம் அகன்றும் இருக்கிறது. பறக்கும் பறவைகளின் சிறகில் காணப்படும் அமைப்பு இது. எதிர்க்காற்றில் இறகு முறுக்கிக்கொள்ளாமல் காப்பது. பறவைகளின் மூதாதைகளுக்குக் காலிலும் சிறகு இருந்திருக்கும் என்று அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் பீபி 1915லேயே எழுதியிருந்தார். அவருடைய ஊகத்துக்கு இவ்வளவு தெளிவான உருவம் கிடைத்தது வியப்புக்குரியது.

அந்தக் கால்களை எப்படி வைத்துக்கொண்டு பறந்தது? பக்கவாட்டில் விரித்திருக்கும் என்பது சூ சிங்கின் கருத்து. இடுப்பு மூட்டு அதற்கு இடம்தராது என மறுத்தவர்கள் உண்டு. கொல்கத்தாவில் பிறந்த சங்கர் சட்டர்ஜி, இணை ஆய்வாளருடன் 2007இல், மேலும் கீழும் இரண்டு இறக்கைகள் கொண்ட பழைய விமானத்தைப் போலக் கால்களைக் கீழே வைத்திருக்கும் என்றார். மரத்துக்கு மரம் மிதந்ததா, சிறகடித்துப் பறந்ததா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. டைனோசர்களிடையே பறக்கும் திறன் ஒரே கிளையில் அல்லாமல், தனித்தனியாகக் குறைந்தது மூன்று முறை தோன்றியிருக்கலாம் என்கிறது 2020இல் வெளியான ஆய்வு. மைக்ரோராப்டரின் தனிச்சிறப்பு இங்கேதான். இது பறவைகளின் நேர் மூதாதை அன்று. காற்றில் தன் வழியில் இறங்கிப் பார்த்த உறவுக் கிளை.

இறகுகளில் எஞ்சிய நிறமித் துகள்களை ஆராய்ந்து, உடல் மினுமினுக்கும் கருமை நிறம் கொண்டது என 2012இல் அறிவித்தனர். இரையும் தெரிந்திருக்கிறது. ஒன்றின் வயிற்றில் மரத்தில் அமரும் பறவை இருந்ததால், இது மரத்தில் வேட்டையாடியது என்று முதலில் கருதினர். 2013இல் மற்றொன்றின் வயிற்றில் மீன் எலும்புகள் கிடைத்தன. 2019இல் தலைப்பக்கமாக முழுசாக விழுங்கப்பட்ட பல்லி. 2022இல் சிறு பாலூட்டியின் பாதம். மரம், தரை, நீர்க்கரை என்று பாராமல், கிடைத்ததை உண்டிருக்கிறது.