கண்ணாடியின் பின்புறம்: கே. ஜி. சுப்பிரமணியனும் தஞ்சைக் கண்ணாடி ஓவியமும்

அக்கரப்பத்தனைப் பகுதித் தோட்டங்களின் லயக் காம்பராக்களிலே சுவாமி படம் இல்லாத சுவரைக் காண்டல் அரிது. முருகனோ மாரியம்மனோ அச்சுத்தாளில் வீற்றிருக்க, முன்னே கண்ணாடி காப்பாக நிற்கும். அக்கண்ணாடியே படத்தின் உடலாக இருந்த காலமும் ஒன்று உண்டு. இத்தோட்டங்களை நோக்கி மக்கள் புறப்பட்டுவந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, அவருள் ஒரு பகுதியினர் விட்டுவந்த தஞ்சைச் சீமையில், ஓவியர் கண்ணாடியின் பின்புறத்திலே தெய்வ உருவங்களைத் தீட்டிவந்தனர். ஏழைக் குடியானவன் குடிலில் அவை இருந்திரா. பஜனை மடங்களிலும் செல்வர் மனைகளிலுமே தொங்கின. அச்சுப்படத்தின்முன் தோற்று ஒடுங்கிய அக்கலையை நம் காலத்திலே மீண்டும் கையிலெடுத்த பெரும் ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன் (1924–2016) ஆவர்.

இக்கலை தமிழகத்திற் பிறந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே சீன தேசத்துக் கான்டன் துறைமுகத்திலிருந்து வணிகக் கப்பல்களோடு இந்தியாவுக்கு வந்தது. மைசூரிலும், மராட்டிய மன்னர் ஆண்ட தஞ்சையிலும் வேரூன்றியபின், வெண்ணெய்க் கண்ணனும் இராமர் பட்டாபிஷேகமும் கஜலக்ஷ்மியும் அதன் பொருளாயின. வந்த வழி அயல்வழியாயினும் வாழ்ந்த வாழ்வு நம்முடையதே.

அதன் செய்முறை சிந்திக்கத்தக்கது. சுவரிலோ பலகையிலோ எழுதுபவன் முதலிற் பின்னணியையும், அடுத்து உடலையும், பின்னர் ஆடை அணிகளையும் தீட்டி, ஈற்றிலே நுண்கோடுகளை இடுவான். விக்கிரகத்துக்குக் கண் திறத்தலும் ஈற்றில் நிகழும் சடங்கன்றோ? கண்ணாடி ஓவியனுக்கோ யாவும் தலைகீழ். கண்ணின் கருமணியையும் மூக்குத்தியின் புள்ளியையும் அவன் முதலில் இடல் வேண்டும்; அவற்றின்மேல் முகத்தின் நிறம், அதன்மேல் திரைச்சீலை. வலக்கை இடக்கையாக மாறித் தோன்றுமாதலின் அதனையும் முன்னரே கணித்துக்கொள்ளல் வேண்டும். முதலில் இட்ட கோடு பிழைத்தால், மேலே எத்துணைச் சாயம் பூசினும் அப்பிழை மறையாது. பார்ப்பவன் கண்முன் அதுவே நிற்கும்.

1894இல் இரவிவர்மாவின் அச்சகம் பம்பாயில் தொடங்கியது. மலிவான வண்ண அச்சுப்படங்கள் நாடெங்கும் பரவவே கண்ணாடி ஓவியரின் பிழைப்புக் குன்றியது. ஓவிய வரலாறு எழுதினோரும் தஞ்சைப் பலகைப் படங்களைப் போற்றிய அளவுக்கு இவற்றைப் பொருட்படுத்தினாரல்லர். சென்னையிற் பிறந்த ஜயா அப்பாசாமி என்னும் ஓவியர் 1980இல் இந்தியக் கண்ணாடி ஓவியங்களைப் பற்றித் தனிநூல் வெளியிட்டமை பெரும்பணியாகும்.

சுப்பிரமணியன் வடமலபாரிலுள்ள கூத்துப்பறம்பிலே, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பொருளியல் பயின்றபோது விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். அதனால் அரசினர் கல்லூரிகளின் வாயில் அவருக்கு அடைபட்டது. 1944இல் சாந்திநிகேதனக் கலாபவனத்தையடைந்து நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி முதலியோரிடம் பயின்றார். 1951இற் பரோடாவில் ஆசிரியரானார். 1959 முதல் சில ஆண்டுகள் அகில இந்தியக் கைத்தறி வாரியத்திற் பணியாற்றியமை பலர் சிறிதாகக் கருதிக் கடந்துபோகும் செய்தி. நெசவாளர் முதலிய கைவினைஞரின் அறிவை ஏட்டறிவுக்குக் குறைந்ததாக அவர் ஒருபோதும் எண்ணாமைக்கு அவ்வனுபவமும் துணைசெய்திருக்கும்.

1970களில் சுடுமண் புடைப்புகளில் ஈடுபட்டிருந்த அவர், அப்பத்தாண்டின் இறுதியையொட்டிக் கண்ணாடிக்கு வந்தார். பிற்காலத்தில் அக்ரிலிக் தகட்டிலும் அம்முறையையே கைக்கொண்டார். பழைய படத்தை அவர் படியெடுத்தாரல்லர். மகிடனை வதைக்கும் தேவி அவர் படங்களில் வருவாள். சாளரத்தருகே சாய்ந்திருக்கும் இல்லத்தரசியும் பூனையும் ஆடும் குரங்கும் அவளோடு வருவர். எவள் தேவி, எவள் அயல்வீட்டுப் பெண் எனச் சில வேளை பிரித்தறிதல் எளிதன்று. பக்தியுடையோர் இதனை நிந்தையெனக் கொள்ளக்கூடும். ஆயின் நம் காமன் கூத்தைக் கண்டவர் அவ்வாறு கூறார். இரதியாகவும் மன்மதனாகவும் வேடம் பூண்டவர் நேற்று நம்மோடு மலையிலே கொழுந்தெடுத்தவரும் கவ்வாத்து வெட்டியவருமன்றோ? தெய்வமும் அயலவரும் ஓருடலில் நிற்பதை நாட்டார் கலை என்றும் தவறெனக் கொண்டதில்லை. சுப்பிரமணியன் அதனிடம் பெற்ற பேறு இதுவே. ஓவியத்தின் விரைந்த கோடும் அம்மரபின் கொடையாகும்.

இத்தகைய கொள்வினை புதியதன்று. 1909ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டின்ஸ்கியும் கபிரியேல் முன்டரும் பவேரிய நாட்டு முர்னாவ் ஊரிலே, கிராமியர் கண்ணாடியில் எழுதிய புனிதர் படங்களைக் கண்டு வியந்து, அவ்வூர்க் கைவினைஞர் ஒருவரிடமே அத்தொழிலைக் கற்றனர். கற்றவர் புகழ் உலகெங்கும் பரவிற்று. கற்பித்தவரை அறிந்தோர் சிலரே.

இவ்வழக்கு சுப்பிரமணியனுக்கும் பொருந்துமோ எனின், முற்றும் பொருந்தாது எனலாம். பெற்ற கடனை அவர் மறைத்தாரல்லர். 1987இல் வெளிவந்த ‘வாழும் மரபு’ என்னும் பொருள்படும் நூலிலும் ஏனைய கட்டுரைகளிலும் கைவினைஞரையும் ஓவியரையும் ஒரே வரிசையில் வைத்தே பேசினார். எனினும் அவர் புகழ் தஞ்சை ஓவியனின் அடுப்பை மூட்டியதாகக் கூறுதல் இயலாது. 2012இல் சுப்பிரமணியனுக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. பழைய கண்ணாடிப் படங்களோ, செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறக்கப்பட்டு, காரைக்குடிப் பழம்பொருட் கடைகளிலே விலைக்கு வருகின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் எழுதியவர் பெயர் இல்லை.