பள்ளிக்கரணை வட்டாரத்தில் குளியல் வெந்நீர்

தென்சென்னைப் புறநகரான பள்ளிக்கரணையிலும் அதை ஒட்டிய மேடவாக்கம், ஜல்லடியன்பேட்டை, கோவிலம்பாக்கம், மடிப்பாக்கம் பகுதிகளிலும் குளிக்க வெந்நீர் போடும் வழக்கம் விறகடுப்பில் தொடங்கி, மின்சாரத்துக்கு மாறி, ஓரளவு வெயிலையும் தொட்டிருக்கிறது. பெங்களூரிலோ ஊட்டியிலோ வெந்நீர்க் கருவியின் வரலாற்றைக் குளிரை வைத்தே சொல்லிவிடலாம். இங்கே அது முடியாது. சென்னையில் ஜனவரி விடிகாலையிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். மே மாதப் பகலில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் ‘பச்சைத் தண்ணீர்’ கையைச் சுடும். மாலையில் குளிக்க நினைப்பவர் காலையிலேயே பக்கெட்டில் பிடித்து வைத்து ஆறவிடுவார். ஆண்டில் மூன்று மாதமே அவசியப்படும் ஒரு வசதிக்கு எந்தக் கருவி வாங்குவது என்பதை இந்த வட்டாரத்தில் தீர்மானித்தவை உப்புத் தண்ணீரும் மின்கட்டணமும் மொட்டைமாடி யாருடையது என்ற கேள்வியும்தான்.

தவலையும் பாய்லரும்

பள்ளிக்கரணை ஏரியும் வயலும் சதுப்புநிலமுமாக இருந்த காலத்தில் வெந்நீர் அன்றாடத் தேவை அல்ல. கிணற்றடியில் குளிப்பதே வழக்கம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள், காய்ச்சலில் படுத்தவர், கைக்குழந்தை, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, வயதானவர்கள் என்று இவர்களுக்காகத்தான் அடுப்பு மூட்டப்பட்டது. வெறும் தண்ணீரில் தலை எண்ணெய் போகாது. சீயக்காயோடு சூடும் வேண்டும். தீபாவளி விடியலில் மட்டும் வீடு முழுவதற்கும் வெந்நீர் கொதித்தது.

வாசலிலோ கொல்லையிலோ மூன்று கல் கூட்டி, அதன்மேல் பித்தளைத் தவலையையோ அண்டாவையோ ஏற்றுவார்கள். கரி பிடித்தால் சுலபமாகத் தேய்த்தெடுக்கலாம் என்று அடிப்பக்கம் மண் பூசுவதும் உண்டு. எரிக்கத் தென்னை மட்டை, பாளை, கொட்டாங்கச்சி, சவுக்கு விறகு. மரவாடி அருகில் இருந்தால் மரத்தூள் அடுப்பு. கொதித்த நீரைப் பக்கெட்டில் மொண்டு ஊற்றி, பச்சைத் தண்ணீர் விட்டுப் பதமாக விளாவுவார்கள். இன்றும் இந்த வட்டாரத்தில் பெரும்பாலோர் குளிப்பது இப்படி விளாவிய ஒரு பக்கெட் நீரில்தான். ஷவர் இருக்கும் வீட்டிலும் அது பாதி நாள் சும்மா கிடக்கிறது.

சற்று வசதியான வீடுகளில் செம்புப் பாய்லர் இருந்தது. நடுவே புகைக்குழாய், அடியில் கரி போடும் தட்டு, சுற்றிலும் நீர். மேலே புனலில் ஊற்றும் தண்ணீர் அடிவரை இறங்கும். மேலே மிதக்கும் சூடான நீர் மூக்கு வழியாக வெளியே தள்ளப்படும். ஒரு சொம்பு ஊற்றினால்தான் ஒரு சொம்பு கிடைக்கும். இதே கொள்கையில்தான், கரிக்குப் பதில் மின்சாரத்தை வைத்து, இன்று குளியலறைச் சுவரில் தொங்கும் கீசரும் வேலை செய்கிறது. அதிலும் குளிர்நீர் அடியில் நுழைந்து வெந்நீரை மேலிருந்து வெளியேற்றுகிறது.

பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ், அதன் பிறகு காஸ் அடுப்பு. தமிழ்நாடு அரசு 2007-இல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச காஸ் அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கியபோது, புறநகர்ப் பகுதிகளில் வெந்நீர்ப் பானையும் கொல்லையை விட்டுச் சமையலறைக்குள் வந்தது. சிலிண்டரை மிச்சம் பிடிக்க வேண்டியவர்கள் குளிக்க மட்டும் விறகை விடவில்லை.

வெளியுலகில்

லண்டனில் பெயின்ட் வேலை செய்த பெஞ்சமின் வாடி மாகன் 1868-இல் எரிவாயுவால் உடனுக்குடன் நீர் சூடாக்கும் கருவியைச் செய்தார். புகை வெளியேற அதில் வழியே இல்லை என்பதால் அது குளியலறைக்கு ஆபத்தான விருந்தாளி. அமெரிக்காவில் எட்வின் ரூட் 1889-இல் தானாகவே அணைந்து எரியும் சேமிப்புக் கொதிகலனை உருவாக்கினார். வெயிலில் சூடாக்கும் முதல் வணிகக் கருவிக்குக் கிளாரன்ஸ் கெம்ப் 1891-இல் காப்புரிமை பெற்றார். 1909-இல் கலிபோர்னியாவின் வில்லியம் பெய்லி, வெயில் வாங்கும் தட்டையும் நீர்த் தொட்டியையும் தனித்தனியாகப் பிரித்து, தொட்டிக்கு வெப்பக்காப்பு போட்டார். பகலில் சூடான நீர் இரவிலும் கிடைத்தது. இன்றைய மொட்டைமாடிக் கருவியின் அமைப்பு அன்றே முடிவாகிவிட்டது.

ராடு

மின்சாரத்தில் முதலில் பரவியது கீசர் அல்ல, பக்கெட்டில் மாட்டும் ஹீட்டர் ராடு. இந்தியத் தர அமைப்பில் இதற்கென ஐ.எஸ். 368 என்ற தரமே இருக்கிறது. 25 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் நீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் போதும்; 1,500 வாட் ராடு அதை இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடும். கணக்குப் பார்த்தால் காயிலால் சூடாக்கும் மின் கருவிகளில் இதைவிடச் சிக்கனமானது இல்லை, ஏனென்றால் வேண்டாத நீரை அது சூடாக்குவதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் பெருகிய பிறகு பள்ளிக்கரணையில் குடியேறிய வாடகை அறைக்காரர்களுக்கு ராடுதான் துணை. சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம், காலி செய்யும்போது பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

ஆபத்தும் இதில்தான் அதிகம். சுவிட்சை அணைக்காமல் நீரில் விரலை விட்டுப் பார்ப்பது உயிரைப் பணயம் வைப்பது. எர்த் இணைப்பு சரியில்லாத பழைய வீடுகளில் இது வெறும் எச்சரிக்கை வாசகம் அல்ல.

கீசர்

குளியலறை வீட்டுக்குள் வந்து, அடுக்குமாடிகள் எழுந்தபோது சேமிப்பு வகைக் கீசர் வழக்கமானது. பள்ளிக்கரணையில் இந்த மாற்றம் பெருமளவு 2000-க்குப் பின் நடந்தது: வேளச்சேரி வரை பறக்கும் ரயில் 2007-இல் வந்தது, 2011-இல் ஊர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 15 அல்லது 25 லிட்டர் தொட்டி, 2 கிலோவாட் காயில், வெப்பநிலை எட்டியதும் அணைக்கும் தெர்மோஸ்டாட், அது பழுதானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட், அழுத்தம் மீறினால் திறக்கும் வால்வு ஆகியவை இதன் உறுப்புகள். 25 லிட்டரை 25-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஒரு யூனிட் மின்சாரம் ஆகும். நேரம் அரை மணி. அந்த நீரை விளாவினால் இரண்டு, மூன்று பேர் பக்கெட்டில் குளிக்கலாம்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 2016-இல் முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். மார்கழியில் கீசரை அணைக்க மறந்த வீடு மேல் படிக்குத் தாவிவிடும். எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திரக் குறியீடு, சூடான நீர் சும்மா நிற்கும்போது எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதை வைத்தே தரப்படுகிறது. குளிப்பதற்குக் கால் மணி முன் போட்டு உடனே அணைக்கும் வீட்டுக்கு அந்த நட்சத்திரங்களால் பெரிய லாபம் இல்லை.

இன்ஸ்டன்ட் கீசரில் தொட்டி மிகச் சிறியது, காயில் பெரும்பாலும் 3 கிலோவாட். அதன் வலிமைக்கு, நீரை 15 டிகிரி மட்டும் ஏற்றினால்கூட நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்குக் குறைவாகவே தர முடியும். நல்ல ஷவருக்கு எட்டு லிட்டர் வேண்டும். அதற்கு 8 கிலோவாட்டுக்கு மேல் தேவை. பிரிட்டனில் அத்தகைய மின் ஷவர்கள் சாதாரணம். நம் வீட்டு 16 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. ஆகவே ‘இன்ஸ்டன்ட்’ என்று விற்கப்படுவது இங்கே பக்கெட்டை மெதுவாக நிரப்பும் கருவியே.

காஸ் கீசர் நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் தரும், ஷவருக்கும் ஈடுகொடுக்கும். ஆனால் மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல்மாடியில் நீரின் அழுத்தம் போதாமல் அது பற்றாமலே போகலாம். மூடிய குளியலறைக்குள் மாட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இல்லாத அந்த வாயுவால் நாட்டின் பல ஊர்களில் உயிர்கள் போயிருக்கின்றன. கருவியை வெளிச்சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவதுதான் சரி. மாகனின் கருவியில் இருந்த குறையை ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் கட்டடம் கட்டுபவர்கள் திரும்பச் செய்கிறார்கள் என்பது வியப்பு.

உப்புத் தண்ணீர்

இந்த வட்டாரத்தின் தனிக்கதை இங்கேதான் இருக்கிறது. சதுப்புநிலத்தைச் சுற்றிய போர்வெல் நீரில் கடினத்தன்மை உண்டு, பல இடங்களில் உவர்ப்பும் உண்டு. கடின நீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சுண்ணாம்பாகப் படியும். சூடு கூடக்கூடப் படிவும் கூடும். அந்தப் படிவு காயிலைச் சட்டைபோல மூடிக்கொள்ள, வெப்பம் நீருக்குப் போக முடியாமல் காயிலுக்குள்ளேயே தேங்கி அதை எரித்துவிடும். உவர்ப்பு தொட்டியின் எஃகை அரிக்கும். அதைத் தடுக்கத்தான் உட்புறம் கண்ணாடிப் பூச்சும், தான் கரைந்து தொட்டியைக் காக்கும் மக்னீசிய ஆனோடு தண்டும் வைக்கப்படுகின்றன. தண்டு தீர்ந்ததும் அடுத்த பலி தொட்டி. அதைச் சரிபார்த்து மாற்ற வேண்டும் என்பது வாங்குபவர்களில் பலருக்குச் சொல்லப்படுவதில்லை. விற்பவர்கள் லிட்டரையும் நட்சத்திரத்தையும் பேசுவார்கள், ஆனோடைப் பேசமாட்டார்கள்.

தெர்மோஸ்டாட்டை 60-க்கு மேல் திருகாமல் 50 அருகே வைத்தால் படிவு வெகுவாகக் குறையும். விளாவிக் குளிப்பவருக்கு அந்தச் சூடு தாராளம்.

வெயில்

சூரிய வெந்நீர்க் கருவிக்குக் கணக்கு இங்கே நன்றாகவே பொருந்தும். சென்னையில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட் அளவு வெயில் விழுகிறது. அதில் பாதியைப் பிடித்தாலே இரண்டு சதுர மீட்டர்த் தட்டு 100 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்றிவிடும். சூடான நீர் இலேசாகி மேலே ஏற, குளிர்ந்தது கீழிறங்கும்; பம்ப் தேவையில்லை. இந்தியாவின் வெயிலைத் துல்லியமாக அளக்கும் நிலையங்களை 2011 முதல் நாடெங்கும் நிறுவியது பள்ளிக்கரணையிலேயே உள்ள நிறுவனம்தான்: 1998-இல் காற்றாலைத் தொழில்நுட்ப மையமாகத் தொடங்கி இன்று தேசியக் காற்றாற்றல் நிறுவனம் எனப்படுவது. காற்றுக்காக வந்தவர்கள் வெயிலையும் கணக்கெடுத்தார்கள்.

2010-இல் தொடங்கிய தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் 2022-க்குள் 2 கோடி சதுர மீட்டர் வெப்பத் தட்டுகளை இலக்காக வைத்தது. தமிழ்நாடு 2012-இல் தன் சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. ஆனாலும் பெங்களூரு கூரைகளில் தெரியும் அளவுக்கு இவை பள்ளிக்கரணையில் பெருகவில்லை. வெந்நீர் அதிகம் தேவைப்படும் நவம்பர், டிசம்பரில்தான் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடுகிறது. வெயில் கொளுத்தும் மாதங்களில் கருவிக்கு வேலையே இல்லை. மேகம் மூடிய நாட்களுக்காகக் கூடவே ஒரு மின் காயிலும் வைக்க வேண்டியிருக்கிறது. செம்புக் குழாய்த் தட்டுகளின் மெல்லிய குழாய்களைக் கடின நீர் அடைக்கும் என்பதால் பலர் வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகைக்குப் போனார்கள். அடுக்குமாடியில் பிரச்சினை வேறு: மொட்டைமாடி எல்லோருக்கும் பொது, குழாய் ஒருவருக்கு. தரைத்தளத்துக்கு வெந்நீர் இறங்கிவருமுன் குழாயில் நிற்கும் ஒரு பக்கெட் குளிர்நீர் போக வேண்டும். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் ஊரில் அது நெஞ்சை அடைக்கும்.

2024-இல் மத்திய அரசு அறிவித்த சூரிய வீடு திட்டம் மொட்டைமாடி இடத்தை மின்தகடுகள் பக்கம் திருப்பியிருக்கிறது. காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி நீருக்குத் தரும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் அளவு வெப்பம் தரும். சென்னையின் புழுக்கம் அதற்கு மிகவும் உகந்தது. விலை காரணமாக அது பெரும்பாலும் ஓட்டல், விடுதி, மருத்துவமனை அளவில் நிற்கிறது.

தண்ணீரே மாறுவது இன்னொரு பக்கம் நடக்கிறது. 2013-இல் திறக்கப்பட்ட நெம்மேலிக் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரைத் தென்சென்னைக்குத் தருகிறது. 2024-இல் அங்கேயே 15 கோடி லிட்டர் ஆலை சேர்ந்தது. இந்த நீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு. அது மட்டுமே வரும் வீட்டில் காயில் நெடுநாள் உழைக்கும். ஆனால் பல குடியிருப்புகளின் சம்ப்பில் குழாய்நீரும் லாரி நீரும் போர்வெல் நீரும் ஒன்றாகத்தான் விழுகின்றன. அங்கெல்லாம் ஹீட்டர் மெக்கானிக் ஆண்டுக்கு ஒருமுறை வந்து காயிலைக் கழற்றிச் சுண்ணாம்பு சுரண்டுவது நிற்கவில்லை.