சென்னையின் கடல், வானியல் மரபு: ஒரு நாள் சுற்று

புத்தலப்பட்டிலிருந்து விடியலில் கிளம்பினால் சென்னையின் பழைய கலங்கரை விளக்கங்களையும் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் எச்சத்தையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். கடல் வேறு, வானம் வேறு என்று பிரித்துப் பார்ப்பதே வழக்கம். ஆனால் சென்னையில் வானாய்வு வேர்விட்டதற்கே கடல்தான் காரணம். இயற்கைத் துறைமுகம் இல்லாத இக்கரையில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆட்களும் சரக்கும் மசூலா படகில் கரையேறினார்கள். அதன் பலகைகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது உடையாமல் வளைந்துகொடுக்கும். கரை இருக்கும் இடத்தை இரவில் காட்ட 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கட்டடம் ஒன்றின் மேல் விளக்கு ஏற்றப்பட்டது. 1844 முதல் அந்த வேலையைச் செய்த கல்தூண் இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. 1894இல் விளக்கு நீதிமன்றக் கோபுரத்துக்கும், 1977இல் மெரினாவுக்கும் இடம் மாறியது.

விளக்கு கரையைக் காட்டும். நடுக்கடலில் கப்பல் நிற்கும் தீர்க்கரேகையைச் சொல்லாது. புவி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்வதால், கடிகாரம் ஒரு நிமிடம் தவறினாலே சென்னையின் அகலாங்கில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் பிசகும். அதனால் துல்லியமான நேரமும், கரையோர ஊர்களின் சரியான இருப்பிடமும் வணிகத்துக்கே இன்றியமையாதவை ஆயின. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் சொந்தமாக அமைத்த வானாய்வகத்தைப் பின்னர் கம்பெனி ஏற்றுக்கொண்டது. கடற்கரையை அளந்துவந்த மைக்கேல் டாப்பிங்கின் வடிவமைப்பில் 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்க நிறுத்திய சுமார் 10 டன் கருங்கல் தூணில் இலத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அது இன்றைய மண்டல வானிலை மைய வளாகத்தில் உள்ளது. முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போவது நல்லது.

அந்த வானாய்வகத்திலிருந்து டெய்லர் 1844இல் வெளியிட்ட 11,015 விண்மீன்களின் பட்டியலும், போக்சன் 1861இல் கண்ட ‘ஆசியா’ சிறுகோளும், சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் கண்ட ‘ஆர் ரெட்டிகுலி’ மாறொளி விண்மீனும் கப்பலுக்காகவா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் கடல் தேவைக்காக வந்த கருவிகளும் பயிற்சியும் வேர்பிடித்த பிறகே அவை சாத்தியமாயின. நம் கடலோடிகள் அதற்கு வெகுமுன்பே விண்மீன் பார்த்துப் போகவில்லையா என்பது இன்னொரு மறுப்பு. போனார்கள், துருவ விண்மீனின் உயரம் வடக்கு தெற்கைச் சொல்லிவிடும். கிழக்கு மேற்கை வானத்தைக் கொண்டு நுட்பமாகக் கணிக்கத்தான் கடிகாரமும் அட்டவணையும் தேவைப்பட்டன.

கடலுக்கும் வானத்துக்குமான இந்தப் பிணைப்பு பழங்கதையாக முடிந்துவிடவில்லை. திருப்பதி மாவட்டத்து ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம் கடலோரத்தில் அமைந்தது தற்செயல் அன்று: கிழக்கு நோக்கி ஏவினால் புவிச் சுழற்சியின் வேகம் துணைக்கு வரும், எரிந்து கழியும் பாகங்கள் ஊர்களின் மேல் அல்லாமல் வங்கக் கடலில் விழும். கடலின் தேவையே வானாய்வைக் கொண்டுவந்ததால், இந்தச் சுற்றைக் கோட்டையிலும் கலங்கரைத் தூணிலும் தொடங்கி நுங்கம்பாக்கத்தில் முடிப்பதே பொருத்தம். தேவையை முதலில் பார்த்தவருக்கே அதற்குப் பிறந்த விடை விளங்கும்.